அவனுடைய நல்ல முழங்கால்

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் நான்கு பேரும் எங்கள் வார்டுக்கு வருகிறீர்கள். அதே திங்கட்கிழமை நான் தாதியர் பயிற்சிப் பாடசாலைக்கு மாற்றலாகிப் போகிறேன். முகம் பார்க்கக்கூட வாய்ப்பில்லை. "புதிதாக வருகிறவர்களுக்கு நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போ" என்று வார்ட் சிஸ்டர் சொன்னார். எந்த அலுமாரியில் என்ன இருக்கிறது, இரத்த வங்கிக்கு எத்தனை மணிக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதைத்தான் அவர் எதிர்பார்த்தார். அதைத் தனித் தாளில் எழுதி மருந்து அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். இது வேறு.

எனக்கு முப்பத்து நான்கு வயது. பணி அனுபவம் எழுதுகிற வயது இல்லை என்று எனக்கே தெரியும். அதைப் பென்ஷன் எடுத்தவர்கள் எழுதுவார்கள். அவர்கள் எழுதுகிற காலத்தில் பல விஷயங்கள் மறந்துபோயிருக்கும், மறக்காததும் கொஞ்சம் அழகாகியிருக்கும். எனக்கு இன்னும் ஒன்றும் மறக்கவில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஹீமோபிலியா பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். இரத்தத்தை உறையவைக்கும் பொருட்களில் ஒன்று இந்தப் பிள்ளைகளிடம் இல்லை. விரலில் கத்தி பட்டால் வீட்டுக்காரர் பதறுவார்கள். நாங்கள் பதறுவது அதற்கல்ல, உள்ளே கசிவதற்கு. முழங்காலுக்குள், முழங்கைக்குள், கணுக்காலுக்குள் ஒரு காரணமும் இல்லாமல்கூட இரத்தம் இறங்கும். மூட்டு வீங்கும், பிள்ளை துடிக்கும், சில நாட்களில் வற்றும். அதே மூட்டில் திரும்பத் திரும்ப இறங்கினால் ஒருநாள் அது மடங்கினது மடங்கினபடி நின்றுவிடும். அதைத் தடுக்க எங்களிடம் இருப்பது கிரையோ. யாரோ தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்துக் குளிரில் உறையவைத்த மஞ்சள் பைகள். கசிவு தொடங்கி எத்தனை நிமிடத்தில் அதை ஏற்றுகிறோம் என்பதில்தான் பிள்ளையின் மூட்டு இருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தவன் சுகந்தன் என்ற பையன். அவன் கதையைத்தான் சொல்லப்போகிறேன். என்னுடைய கதையும் அதற்குள் இருக்கிறது. அது நல்ல கதை இல்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கொழும்பு முகத்துவாரத்துப் பிள்ளை. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அம்மா என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் பெருவிரல் ரேகை வைத்தவர். எங்கள் வரிசை வீடுகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போய் வந்து படித்தேன். தாதிய உத்தியோகத்தர் நியமனக் கடிதம் வந்த அன்று அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கம் முழுவதும் காட்டினார். யாரும் திருத்தவில்லை. திருத்தத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை.

தமிழரைத் தேடி அடித்த கலவர காலத்தில் அப்பா மூன்று நாள் ஒரு பண்டகசாலையில் சாக்குகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர். அதிலிருந்து அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒரே ஒரு விஷயம். "பேரைக் கேட்டா ஒடனே சொல்லிடாதே. யாரு கேக்குறா, எதுக்குக் கேக்குறான்னு பாத்துட்டு சொல்லு." சத்தம் போடாமல் இருந்து பிழைத்த குடும்பம் நாங்கள். இதை நியாயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்தது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சுகந்தனையும் அவன் அம்மாவையும் நான் முதலில் பார்த்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் சண்டை, இந்த மருந்து கிடைக்காத காலம். தகப்பன் ஊரிலேயே நின்றுவிட, தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்திருந்தார். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில் வாடகை அறை. தாய் வீட்டிலிருந்தபடி சட்டை தைத்தார். இடது முழங்கால் ஊரிலேயே போய்விட்டிருந்தது. மடங்கினபடி நிற்கும், நீட்ட முடியாது. வலது முழங்கால் மட்டும் நல்லது. அவன் பள்ளிக்கூடத்தில் வகுப்பு மேல்மாடியில். அந்த ஒரு காலை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து, படி படியாக ஏறுவான். கெட்டிக்காரன்.

"இந்த ஒரு காலாவது நல்லாக் கிடந்தா அவன் படிச்சிடுவான் தம்பி" என்று தாய் என்னிடம் சொல்வார். ஒவ்வொரு வியாழனும் சொல்வார். வியாழன்தான் எங்கள் கிளினிக்.

வந்த புதிதில் ஒருநாள் சுகந்தன் வார்டில் படுத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணை, முழங்கைக்க தொடங்கிட்டுது."

நான் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை. சூடு இல்லை. "எங்கடா? ஒன்னுமே இல்லையே."

"வெளியில இல்லை. உள்ளுக்க. எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு."

"எறும்புக்கெல்லாம் கிரையோ ஏத்த முடியாது. மத்தியானம் பாப்போம்."

"உங்கட கதை படத்தில வாற பொலிஸ்காரன்ர கதை மாதிரி" என்றான். என் முகத்துவாரத் தமிழைக் கிண்டல் செய்வது அவனுக்குப் பெரிய பொழுதுபோக்கு. நானும் சிரித்துவிட்டுப் போனேன். அன்று கிரையோ பைகள் குறைவாக இருந்தன என்பதும் உண்மை.

மத்தியானம் முழங்கை பனங்காய் மாதிரி இருந்தது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். வார்ட் சிஸ்டர் வந்து பார்த்தார். அவர் சிங்களப் பெண்மணி. எங்கள் பேச்சு சிங்களத்தில்தான் நடக்கும், நான் தமிழில் எழுதுகிறேன், அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடும் 'மல்லி'யை மட்டும் அப்படியே விட்டுவைத்து.

"மல்லி, நீ யாரிடம் கேட்டாய்? வீக்கத்திடமா, பிள்ளையிடமா?"

"பார்த்தேன் சிஸ்டர், ஒன்றும் தெரியவில்லை."

"உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும். அவன் அந்தக் கைக்குள்ளே குடியிருக்கிறான்."

அதற்குப் பிறகு ஒரு பழக்கத்தை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்படுத்தினேன். தொடங்கியது என்று உள்ளே தெரிந்தவுடன் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், யார் வந்தாலும் முதல் வார்த்தையாக அந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். சுகந்தன் அதில் முதல் மாணவன். பிள்ளை சொன்னால் நம்பு. இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

பதினைந்து வயதில் அவன் திடீரென்று உயர்ந்தான். மீசை அரும்பியது. தாய் அவன் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி இறக்குவது அவனுக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு அது புரிந்தது. நான் அவன் பக்கம் நின்று தாயோடு வாதாடினேன். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"அக்கா, பெரிய பையனாயிட்டான். தனியா வந்து போகட்டும். நீங்க பக்கத்துலயே நின்னா எப்ப வளருவான்?"

"வளர்ந்ததுதான் தம்பி பயம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "செக் பொயின்ற்றில பெடியளின்ர முழங்காலைத்தான் பாக்கிறாங்கள். முழங்கையைப் பாக்கிறாங்கள். இயக்கத்தில நிலத்தில தவண்டு பயிற்சி எடுத்தவனோ எண்டு. இவன்ர காலைப் பாத்தா என்ன நினைப்பாங்கள், சொல்லுங்கோ? ஐடென்ரி காட் எடுக்கிற வயசும் இல்லை."

நான் அவன் கால்களை நோயாகத்தான் பார்த்திருந்தேன். அன்றுதான் ஒரு சிப்பாயின் கண்ணால் பார்த்தேன். கறுத்துத் தடித்த தோல். வீங்கி வற்றிய அடையாளங்கள். முழங்கையிலும் தோளிலும் பழைய கண்டல்கள், மஞ்சளும் பச்சையுமாக.

"ஒரு துண்டு எழுதித் தாங்கோவன்" என்றார். "சிங்களத்தில. இது ரத்தத்தில இருக்கிற வருத்தம், வேற ஒண்டும் இல்லை எண்டு. உங்கட பேரையும் நம்பரையும் போட்டு."

"கடிதம்னா டொக்டர்தான் குடுக்கணும் அக்கா. கிளினிக் கொப்பி இருக்கே. அதுல எல்லாம் எழுதியிருக்கு. அதக் காட்டினாப் போதும்."

கிளினிக் கொப்பி என்பது உங்களுக்குத் தெரிந்த அந்த எண்பது பக்கப் பள்ளிக்கூடக் கொப்பிதான். எல்லாமே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அதுவும் டொக்டர்களின் கையெழுத்தில். வீதியில் நிற்கும் பத்தொன்பது வயதுச் சிப்பாய்க்கு அது எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கடிதம் டொக்டர்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி, அதுவும் சரி. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு, விளையாட்டு வாத்தியாருக்கு என்று நாங்கள் வாரம் இரண்டு துண்டு எழுதிக்கொண்டுதான் இருந்தோம். எனக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும். என்னைத் தடுத்தது விதி இல்லை. "உங்கட பேரையும் நம்பரையும் போட்டு" என்று அவர் சொன்ன அந்தக் கடைசிச் சொற்கள். ஒரு யாழ்ப்பாணத்துப் பையனின் சட்டைப் பையில் என் பெயர், செக் பொயின்ட் செக் பொயின்டாகப் போய் வரும். அது எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

தாய் கொப்பிக்குப் பழுப்புத் தாளில் புது உறை போட்டுக் கொடுத்தார். இரண்டு மூன்று வியாழக்கிழமைகள் அவன் தனியாக வந்து போனான். வார்டுக்குள் நுழையும்போதே கையை விரித்து, "பாருங்கோ, ஆளில்லாமல் வந்திட்டன்" என்பான். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான்காவது வியாழனாக இருக்க வேண்டும். பதினொரு மணி. சிஸ்டர் நிர்வாகக் கட்டடத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. எடுத்தேன். சிங்களத்தில் ஒரு கனத்த குரல்.

"பொலிஸிலிருந்து பேசுகிறேன், சார்ஜன்ட். இங்கே ஒரு பையன் இருக்கிறான். உங்கள் வார்டில் மருந்து ஏற்றுகிறவன் என்கிறான். பெயர் சுகந்தன். தெரியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் கேட்டார்: "பேசுவது யார்? உங்கள் பெயர் என்ன?"

பெயரைக் கேட்டவுடன் எனக்குள் எல்லாம் மூடிக்கொண்டது.

"பொறுப்பான சிஸ்டர் இல்லை" என்றேன். "பிறகு எடுங்கள்."

"பையனைத் தெரியுமா என்றுதான் கேட்கிறேன்."

"இங்கே நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். பதிவேடு பார்க்க வேண்டும்."

"காலில் தொடங்கிவிட்டது, தொடங்கிவிட்டது என்கிறான். என்ன தொடங்கிவிட்டது?"

உலகத்தில் அந்தச் சொல்லின் பொருள் சரியாகத் தெரிந்த ஏழெட்டுப் பேரில் நான் ஒருவன். இன்னொருவன் தொலைபேசியின் மறுமுனைக்குப் பக்கத்தில் இருந்தான்.

"அதை டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்."

"தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

"பதிவேடு பார்க்காமல் சொல்ல முடியாது."

வைத்துவிட்டார். பதிவேடு என் முழங்கையில் முட்டிக்கொண்டு மேசையில்தான் இருந்தது. அன்றைய பக்கத்தில் அவன் பெயரை நானே காலையில் எழுதியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். வேலை செய்தேன். ஒரு குழந்தைக்கு உடுப்பு மாற்றினேன், இன்னொன்றுக்கு மருந்து கொடுத்தேன், ஒரு தகப்பனோடு அவர் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி நெடுநேரம் பேசினேன். வழக்கத்தைவிடப் பொறுமையாகவே பேசினேன். சிஸ்டர் வந்ததும் அவர் எடுத்துச் சொல்வார், அவர் சொன்னால் கேட்பார்கள், நான் சொல்லி என்ன ஆகப்போகிறது, என்னையும் பிடித்து வைப்பார்கள், பிறகு வார்டை யார் பார்ப்பது என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டேன். நான் கொழும்பில் பிறந்தவன், என் அடையாள அட்டையில் முகத்துவார விலாசம், அரசாங்க உத்தியோகம். அந்த ஊரில் ஒரு தமிழனுக்கு இருக்கக்கூடிய பாதுகாப்பில் பெரும்பங்கு எனக்கு இருந்தது. அதிலிருந்து ஒரு துளியும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மணிக்குச் சிஸ்டர் வந்தார். கிளினிக் பக்கத்தைப் பார்த்தார்.

"சுகந்தன் எங்கே மல்லி? பஸ் பிந்தியதா?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். முடிந்ததும் அவர் ஒன்று கேட்டார்.

"எந்தப் பொலிஸ்?"

நான் கேட்கவில்லை. அவ்வளவு பேச்சுப் பேசியும் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்கவில்லை. வெள்ளவத்தையிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி வரும்வரை வழியில் எத்தனை பொலிஸ் நிலையங்கள், எத்தனை சாவடிகள்.

அவர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்தவுடன் முதல் மூச்சில் தன் முழுப் பெயர், பதவி, வார்டு. பிறகுதான் கேள்வி. இல்லை என்றார்கள். அடுத்தது. ஒரு இடத்தில் யாரும் எடுக்கவேயில்லை. அவருடைய பெயர் கதவைத் திறக்கும் பெயர், என்னுடையது அப்படியில்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். கண்டுபிடித்தபோது இரண்டரை மணி.

சமையலறையிலிருந்து ஐஸ் வாங்கி இரண்டு பைகளில் கட்டினார். "நீயும் வா."

"வார்டு, சிஸ்டர்?"

"வார்டு எங்கேயும் ஓடாது, அடுத்த வார்டில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குச் சிங்களம் வராது. என்னைக் கண்டு அவனுக்கு என்ன? உன்னைக் கண்டால் அழுவான். அழ ஒரு ஆள் வேண்டும் அவனுக்கு."

த்ரீவீலரில் போனோம். நிலையத்தின் பின்முற்றத்தில் ஏழெட்டு இளைஞர்களைச் சீமெந்துத் தரையில் வரிசையாக முழந்தாளிட வைத்திருந்தார்கள். சுகந்தனை மட்டும் அதற்குள் சுவரோரம் சாய்த்து உட்காரவிட்டிருந்தார்கள். அவனை யாரும் அடிக்கவில்லை. மற்றவர்களைப் போல முழந்தாளிடச் சொன்னார்கள், அவ்வளவுதான். இடது கால் அதற்கு இடம் கொடுக்காது. பாரம் முழுவதும் வலது முழங்காலில். காற்சட்டையை மேலே சுருட்டியிருந்தான். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் முழங்கால் என்று ஒன்று தெரியவில்லை, பளபளவென்று ஒரு பந்து.

அவன் அழவில்லை. என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணை, பத்தே முக்காலுக்குத் தொடங்கினது."

நான் பழக்கிய பழக்கம்.

கிளினிக் கொப்பி சார்ஜன்ட்டின் மேசையில் திறந்தபடி கிடந்தது. வயதானவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். சிஸ்டர் அவருக்கு முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டார். நான் பையனின் காலில் ஐஸை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். சார்ஜன்ட் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது, அம்மா, இது நோயாளிப் பிள்ளை என்று. அதனால்தான் பதினொரு மணிக்கே எடுத்தேன். ஒரு ஆள், யாராவது ஒரு ஆள், ஓம் எங்கள் பிள்ளைதான் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே பஸ்ஸில் ஏற்றியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கே தெரியாது என்றால் நான் மேலதிகாரியிடம் என்ன சொல்வது? யார் அந்த மனுஷன், போனில் பேசியது?"

என் பெயர் கதவைத் திறக்காது என்று நான் நினைத்திருந்தேன். அவர் அந்தப் பெயரைக்கூட எதிர்பார்க்கவில்லை. ஓம் என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

சிஸ்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. "அது என் வார்டு. அங்கே யார் என்ன பேசினாலும் நான்தான் பொறுப்பு. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

சுகந்தன் என் சட்டையை இழுத்தான். "என்னவாம் அண்ணை?"

"ஒன்னுமில்லடா. போகலாமாம்."

திரும்பி வரும்போது அவன் காலை என் மடியில் வைத்து வந்தேன். வலி தாங்காமல் அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். சிஸ்டர் வெளியே பார்த்தபடி கேட்டார். "பயந்தாயா?"

"ஓம்."

"நானும்தான். அந்தப் படியில் ஏறும்போது திரும்பிவிடலாமா என்றிருந்தது. பயந்ததற்கு உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். பயந்த ஆள்கூட எந்தப் பொலிஸ் என்று கேட்டு ஒரு துண்டில் எழுதி வைக்கலாம், மல்லி. அதற்குத் தைரியம் தேவையில்லை."

இந்தக் கட்டுரையில் நான் உங்களுக்குக் கொடுக்கக்கூடிய பாடம் என்று ஒன்று இருந்தால் அதுதான். தைரியசாலியாக இருங்கள் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. பயப்படுவீர்கள். இந்த நாட்டில், இந்த நாட்களில், நீங்கள் எந்த மொழிக்காரராக இருந்தாலும் ஒருநாள் அந்தத் தொலைபேசி உங்கள் கையில் இருக்கும். பயந்தபடியே இடத்தைக் கேளுங்கள். பயந்தபடியே நேரத்தை எழுதுங்கள். பிறகு ஓடிப்போய் யாரையாவது கூப்பிடுங்கள். நான் இரண்டு மணி நேரம் யாரையும் கூப்பிடவில்லை.

அன்று மாலையிலிருந்து கிரையோ ஏற்றினோம். மறுநாளும் ஏற்றினோம். வற்றியது, இரண்டு வாரத்தில் திரும்ப இறங்கியது. பிறகு இன்னொரு முறை. கெட்டுப்போக ஆரம்பித்த மூட்டு அப்படித்தான், அதையே தேடி இரத்தம் வரும். மாவுக்கட்டுப் போட்டோம், பாரம் கட்டி இழுத்தோம், உடற்பயிற்சி கொடுத்தோம். ஆறு மாதத்தில் வலது முழங்காலும் மடங்கினபடி நின்றது. ஊன்றுகோல் இரண்டு வந்தன. வகுப்பு மேல்மாடியிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் சில நாள் இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், பிறகு அவனே வேண்டாம் என்றுவிட்டான். சோதனை எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். இன்னொரு வீட்டில் ஒரு படிப்பு என்னால் நின்றது.

அவன் தாய்க்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தம்பி ஐஸ் பையோடு பொலிஸுக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதுதான். "நீங்கள் போகாட்டி என்ர பிள்ளை எனக்கில்லை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தீபாவளிக்கு முறுக்கும் பயத்தம்பணியாரமும் செய்து கொண்டுவந்து தந்தார். எல்லோருக்கும் முன்னால் தந்தார். நான் சாப்பிட்டேன். சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. சொல்ல வேண்டியவன் நான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் சிங்களத்தில் துண்டு எழுதிக் கொடுத்தேன். என் முழுப் பெயர், உத்தியோக நம்பர், வார்ட் தொலைபேசி எண். டொக்டர் கையெழுத்துப் போடுவதற்கு இடம் விட்டு, போட வைத்து, பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கொடுத்தேன். மாதிரித் தாள் மேசை லாச்சியில் இருக்கிறது, நீங்களும் எழுத வேண்டும். முதல் துண்டைச் சுகந்தனுக்குத்தான் எழுதினேன். அது அவனுக்குப் பயன்படவில்லை. இரண்டு ஊன்றுகோலோடு போகிறவனை எந்தச் சாவடியிலும் நிறுத்துவதில்லை.

நான்கு வருடம் ஆகிவிட்டது. அவனுக்கு இப்போது பத்தொன்பது. பிள்ளைகள் கிளினிக்கைக் கடந்த வயது, ஆனாலும் நாங்கள் விடவில்லை, அவனும் விடவில்லை. மாற்றல் உத்தரவு வந்ததும், போகும் முன் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். போன வியாழக்கிழமை அவன் கையில் கிரையோ இறங்கிக்கொண்டிருந்தது. தாய் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சுகந்தன், உன்கிட்ட ஒன்னு சொல்லணும். அன்னைக்குப் பொலிஸ்லருந்து போன் வந்திச்சு. நான்தான் எடுத்தேன். உன்னத் தெரியும்னு நான் சொல்லல."

அவன் பையிலிருந்து விழும் சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும் அண்ணை."

"என்னா தெரியும்?"

"அந்தச் சார்ஜன் என்னைப் பக்கத்தில வைச்சுக்கொண்டுதானே எடுத்தவர். பழைய போன், கதைக்கிறது வெளியில கேக்கும். உங்கட சிங்களம் எனக்கு விளங்கேல்லை. குரல் விளங்கினது."

எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல் இருந்தது. "நாலு வருசமா ஏன்டா ஒரு வார்த்த கேக்கல? திட்டியிருக்கலாமே?"

சிரித்தான். கிண்டல் செய்யும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. "திட்டிப்போட்டு? உங்களோட கோவிச்சுக்கொண்டு நான் எங்க போறது, சொல்லுங்கோ பாப்பம். எனக்கு ஒரே குத்தில நரம்பு பிடிக்கிறது நீங்கள் ஒராள்தான். மற்றவை குத்தினா நாலு இடத்தில வீங்கும்."

தாய் தண்ணீரோடு வந்துவிட்டார். "என்ன பகிடி, எனக்கும் சொல்லுங்கோவன்" என்றார். "அண்ணை போறார் எண்டு அழுறார் அம்மா" என்றான் அவன்.

நான்கு வருடம் ஒவ்வொரு வியாழனும் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், கையை நீட்டினான். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். சில நாட்களில், தெரிந்தால்கூட மன்னித்துவிடுவான் என்றும் எடுத்துக்கொண்டேன். அன்பும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு வேறு வழி இருந்ததா என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. அவனைக் கைவிட்டவனிடமே அவன் கையை நீட்ட வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு வருவான். உயரமான பையன், இரண்டு ஊன்றுகோல். உங்கள் தமிழ் எதுவானாலும் கிண்டல் செய்வான். இடது கையில் பாருங்கள். முழங்கை மடிப்பில் தேட வேண்டாம், அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, பெருவிரல் பக்கமாக ஒரு நரம்பு சாய்ந்து ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் தெரியும். வெந்நீரில் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் வைத்தால் எழும்பும். சின்ன ஊசி, மெதுவாக. எடுத்த பிறகு பத்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள், நீங்களே பிடியுங்கள். ஒருவர் மட்டும் பழகினால் போதாது. நாலு பேரும் பழகிக்கொள்ளுங்கள். நாலு பேருக்கும் கை வந்தால்தான், உங்களில் ஒருவர் தவறு செய்கிற அன்று, அவனால் அந்த ஒருவரோடு கோபித்துக்கொள்ள முடியும்.